பெட்ரோல் செலவும் கரண்ட் பில்லும் குறைய: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வண்டிச் செலவு, கரண்ட் பில் என்று பேச்சு எடுத்தாலே அதே சந்தேகங்கள்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே அவற்றைத் தொகுத்திருக்கிறேன். விலை இடத்துக்கு இடம் மாறும் என்பதால் கணக்கெல்லாம் லிட்டரிலும் யூனிட்டிலும்தான். உங்கள் பில்லில் இருக்கும் விலையால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

சுற்றுச்சூழலுக்கு நல்லதுன்னு விக்கிற பொருள் எல்லாம் விலை கூடத்தானே இருக்கு? இதுல காசு எங்க மிச்சம் ஆகும்?

கடைக்குப் போய்த் தொடங்கினால் அப்படித்தான் தோன்றும். இந்தப் பக்கத்தில் பாதிக்கு மேல் எதையும் வாங்காமல் செய்யக்கூடியவை. எரிக்காத எரிபொருளுக்குக் காசும் இல்லை, புகையும் இல்லை. பச்சை இலை படம் ஒட்டியதற்காகவே கூடுதல் விலை சொல்லும் பொருளை நானும் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. டீசல் என்றால் சுமார் 2.7 கிலோ. முக்கால் கிலோ எடையுள்ள பெட்ரோலில் இருந்து இரண்டு கிலோவுக்கு மேல் எப்படி வரும் என்று மடக்குகிறவர்கள் உண்டு. எரியும்போது காற்றில் இருக்கும் ஆக்சிஜன் சேர்ந்துகொள்கிறது. கூடுதல் எடை அதனுடையது.

நூறு டிப்ஸ் படிச்சாச்சு. எதுல இருந்து ஆரம்பிக்கிறதுன்னே தெரியல.

நூறையும் மறந்துவிட்டு மூன்று வேலைகளை மட்டும் பாருங்கள்: சூடாக்குவது, குளிர்விப்பது, நகர்த்துவது. வீட்டிலும் வண்டியிலும் பணம் பெரும்பாலும் இந்த மூன்றில்தான் போகிறது. வெளிச்சத்துக்கும் செல்போனுக்கும் ஆகும் செலவு இவற்றின் பக்கத்தில்கூட வராது.

யூனிட் என்றால் என்ன என்று ஒருமுறை தெரிந்துகொண்டால் மற்றதை நீங்களே கணக்குப் போடலாம். 1000 வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். 2000 வாட் ஹீட்டருக்கு அரை மணி நேரத்தில் ஒரு யூனிட் ஆகிவிடும். 9 வாட் எல்இடி பல்புக்கு அதே யூனிட்டை முடிக்க 111 மணி நேரம் ஆகும். கருவியின் பின்னால் ஒட்டியிருக்கும் தகட்டில் வாட் எண் இருக்கும். வாட்டை ஓடும் மணி நேரத்தால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் யூனிட் வந்துவிடும்.

கார் எந்த வேகத்துல போனா நல்ல மைலேஜ் கிடைக்கும்?

பெரும்பாலான கார்களுக்கு மேல் கியரில், சீராக, மணிக்கு 60 முதல் 80 கி.மீ. அதற்கு மேலே போகப் போகக் காற்றோடு சண்டை. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 80இல் இருந்து 100க்குப் போனால் வேகம் கால் பங்குதான் கூடுகிறது, எதிர்ப்போ ஒன்றரை மடங்கைத் தாண்டிவிடுகிறது. 30 கி.மீ. தூரத்தில் இதனால் மிச்சமாகும் நேரம் நாலரை நிமிடம். அந்த நாலரை நிமிடம் உங்களுக்கு எவ்வளவு பெறும் என்பது உங்கள் முடிவு.

கூரை மேல் பெட்டி கட்டினாலும் இதே காற்றுதான் பிரச்சினை. அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்குப்படி, பெரிய பெட்டி ஒன்று நெடுஞ்சாலையில் மைலேஜை 6 முதல் 17 சதவீதம் வரை குறைக்கும். பயணம் முடிந்ததும் கழற்றி வைத்துவிடுங்கள். டிக்கியில் கிடக்கும் பாரம் அந்த அளவுக்கு மோசமில்லை. 45 கிலோவுக்கு ஏறத்தாழ ஒரு சதவீதம்.

நான் வேகமாவே போறதில்லை. ஆனாலும் மைலேஜ் கிடைக்க மாட்டேங்குதே?

பிரேக்கைப் பாருங்கள். வண்டியை வேகம் எடுக்க வைக்கப் பெட்ரோல் செலவழித்தீர்கள். பிரேக் மிதித்ததும் அத்தனையும் சூடாக மாறிக் காற்றில் கலந்துவிட்டது. நெரிசலில் முன்வண்டியின் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு, மிதி, பிரேக், மிதி, பிரேக் என்று போவதுதான் பெரிய ஓட்டை. அதே எரிசக்தித் துறை சொல்வது: முரட்டுத்தனமாக ஓட்டினால் நெடுஞ்சாலையில் 15 முதல் 30 சதவீதம், நின்று நின்று போகும் இடங்களில் 10 முதல் 40 சதவீதம் மைலேஜ் போய்விடும். இந்தப் பக்கத்தில் வண்டி பற்றிய வேறெந்த யோசனையும் இதன் அருகில் நிற்காது.

செய்ய வேண்டியது, பார்வையை முன்வண்டியின் பின்விளக்கோடு நிறுத்தாமல் அதற்கும் அப்பால் கொண்டுபோவது. தூரத்தில் சிவப்பு விளக்கு தெரிந்தால் அப்போதே ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுத்துவிடுங்கள். நீங்கள் போய்ச் சேர்வதற்குள் பல நேரம் பச்சை விழுந்துவிடும். கிளம்பும்போது ஆமை வேகம் தேவையில்லை. நிதானமாக வேகமெடுத்து, இன்ஜின் திணறாத அளவுக்குச் சீக்கிரம் மேல் கியருக்குப் போனால் போதும்.

குறுகிய தூரப் பயணமும் ஒரு காரணமாக இருக்கலாம். குளிர்ந்த இன்ஜின் அதிகம் குடிக்கும். அது சூடேறுவதற்குள் பயணமே முடிந்தால் எந்த வண்டியும் சொன்ன மைலேஜைத் தராது. நாலு வேலையை ஒரே சுற்றில் முடிக்கப் பாருங்கள், பக்கத்தில் என்றால் நடந்துவிடுங்கள்.

இறக்கத்துல நியூட்ரல்ல விட்டா பெட்ரோல் மிச்சம்தானே? எங்க அப்பா காலத்துல இருந்து அப்படித்தான் ஓட்டுறோம்.

அப்பா ஓட்டியது கார்புரேட்டர் வண்டி, அதாவது பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பழைய முறை. இன்றைய ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன் வண்டியில் (எரிபொருளைக் கணினி அளந்து பீய்ச்சும் வகை), கியரில் இருக்கும்போதே காலை எடுத்தால் எரிபொருள் பாய்வது அடியோடு நின்றுவிடும். சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றிக்கொண்டிருக்கும். நியூட்ரலில் போட்டால் இன்ஜின் அணையாமல் இருக்கவாவது எரிபொருள் ஊற்றியாக வேண்டும். ஆக, மிச்சம் என்று நினைத்துச் செய்வது செலவு.

லேசான சரிவில் நியூட்ரலில் வண்டி கொஞ்ச தூரம் கூடுதலாக உருளும் என்று வாதிடுவார்கள். உருளும்தான். ஆனால் செங்குத்தான இறக்கத்தில் இன்ஜின் பிடிப்பு இல்லாமல் பிரேக்கை மட்டும் நம்பினால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். சில துளி பெட்ரோலுக்காக அந்த ஆபத்து வேண்டாம்.

சிக்னல்ல அணைச்சு அணைச்சு ஸ்டார்ட் பண்ணா அதுக்கே அதிகமா இழுக்காதா?

சூடான இன்ஜினை மறுபடி கிளப்ப ஆகும் எரிபொருள், சுமார் பத்து நொடி சும்மா ஓடவிடுவதற்குச் சமம். அதற்கு மேல் நிற்பது உறுதி என்றால் அணைப்பதே லாபம். தானாக அணைந்து கிளம்பும் வசதி இல்லாத பழைய வண்டியில் ஸ்டார்ட்டருக்கும் பேட்டரிக்கும் கொஞ்சம் இரக்கம் காட்டலாம். அரை நிமிடத்துக்கு மேல் நிற்கும் இடத்தில் மட்டும் அணையுங்கள்.

சிக்னலைவிட யாருக்காகவோ ஓரமாகக் காத்திருக்கும் நேரம்தான் பெரிய விரயம். ஏசி போட்டபடி நிற்கும் கார், இன்ஜின் அளவைப் பொறுத்து மணிக்கு ஒன்று முதல் இரண்டு லிட்டர் வரை தின்னும். அந்த நேரத்து மைலேஜ் பூஜ்யம். காலையில் ஐந்து நிமிடம் இன்ஜினைச் சூடேற்றும் பழக்கமும் கார்புரேட்டரோடு போய்விட்டது. கிளப்பி, முதல் சில நிமிடம் மிருதுவாக ஓட்டினால் போதும்.

காரில் ஏசி போடுவதா, கண்ணாடியை இறக்குவதா?

ஊருக்குள் மெதுவாகப் போகும்போது கண்ணாடி, நெடுஞ்சாலையில் ஏசி. வேகம் கூடினால் திறந்த கண்ணாடி காற்று எதிர்ப்பைக் கூட்டும், மேலே வேகக் கேள்வியில் சொன்ன அதே காரணம். வெயிலில் நின்ற கார் என்றால் முதல் ஓரிரு நிமிடம் கண்ணாடியைத் திறந்து வெப்பத்தை வெளியேற்றிவிட்டு ஏசி போடுங்கள்.

டயர்ல காத்து கொஞ்சம் கூடவே அடிச்சா இன்னும் மைலேஜ் கிடைக்குமா?

கூட வேண்டாம், குறையவும் வேண்டாம். சரியான அளவு ஓட்டுநர் கதவு ஓரத்துத் தகட்டில் அல்லது கையேட்டில் இருக்கும். டயர் மேலேயே அச்சிட்டிருப்பது அது தாங்கும் உச்ச அளவு. அதை நம்பி அடித்தால் டயரின் நடுப்பகுதி மட்டும் தேயும், பிடிப்பும் குறையும். காற்றை டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். வெப்பநிலை சுமார் ஐந்தரை டிகிரி செல்சியஸ் இறங்கினால் ஒரு பிஎஸ்ஐ (டயர் காற்றழுத்தத்தின் அளவு) இறங்கும். அதனால் குளிர் தொடங்கும்போது மறக்காமல் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

இதனால் மைலேஜ் தாவி ஏறும் என்று எதிர்பார்க்காதீர்கள். நான்கு டயரிலும் சராசரியாக ஒரு பிஎஸ்ஐ குறைந்தால் மைலேஜ் 0.2 சதவீதம்தான் குறைகிறது. உண்மையான லாபம் டயரின் ஆயுளிலும் பாதுகாப்பிலும். நைட்ரஜன் அடிக்கவா என்று கேட்பவர்களுக்கு: நாம் சுவாசிக்கும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான்.

டேங்க்ல போடுற மாத்திரை, ஃப்யூவல் பைப்ல மாட்டுற காந்தம் இதெல்லாம்?

வேண்டாம். மைலேஜ் கூட்டுவதாகச் சொல்லப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட கருவிகளை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஆராய்ந்து பார்த்திருக்கிறது. குறிப்பிடத்தக்க பலன் தருவதாக ஒன்றுகூடத் தேறவில்லை. கையேடு கேட்காத வண்டிக்கு விலை கூடிய உயர் ஆக்டேன் (இன்ஜினில் தட்டல் வராமல் தாங்கும் திறன் கூடிய) பெட்ரோல் போடுவதும் இதே வகைதான்.

10 கி.மீ. தர்ற பழைய வண்டியை 12.5 தர்றதா மாத்துறதா, 20 தர்றதை 25 ஆக்குறதா? ரெண்டாவதுதானே லாபம்?

பலர் தடுக்கி விழும் இடம் இது. 100 கி.மீ. போக எத்தனை லிட்டர் என்று திருப்பிப் பாருங்கள். முதல் வண்டிக்கு 10 லிட்டர் 8 ஆகிறது, இரண்டு லிட்டர் மிச்சம். இரண்டாவதற்கு 5 லிட்டர் 4 ஆகிறது, ஒரு லிட்டர்தான். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்ற அளவு கண்ணைக் கட்டிவிடுகிறது. டியூக் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் லாரிக், ஜாக் சோல் இருவரும் 2008இல் இந்த மயக்கத்தைப் பற்றி 'சயன்ஸ்' இதழில் எழுதினார்கள்.

வீட்டில் இரண்டு வண்டி இருந்தால் முதலில் கவனிக்க வேண்டியது அதிகம் குடிக்கும் வண்டியை. இரண்டையும் ஒரே அளவு ஓட்டுகிறீர்கள் என்றால்தான் இந்தக் கணக்கு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எப்போதாவது எடுக்கும் வண்டி எவ்வளவு குடித்தால்தான் என்ன?

போன் சார்ஜரை பிளக்லயே விட்டுடறேன். வீட்ல தினம் சண்டை. நிஜமாவே கரண்ட் போகுதா?

போகிறது, சண்டை போடும் அளவுக்கு இல்லை. போன் மாட்டாத நவீன சார்ஜர் இழுப்பது ஒரு வாட்டில் சிறு பங்கு. வருடம் முழுக்க விட்டாலும் இரண்டு மூன்று யூனிட்டைத் தாண்டாது. சண்டை போடுவதென்றால் டிவி பெட்டியோடு போடலாம். அணைத்த பிறகும் பத்து வாட் இழுத்துக்கொண்டே இருக்கும் செட்டாப் பாக்ஸ் வருடத்துக்கு 87 யூனிட்டுக்கு மேல் எடுத்துக்கொள்ளும்.

ஏசியை 18ல வெச்சா ரூம் சீக்கிரம் குளிரும், அப்புறம் கூட்டிக்கலாம். சரிதானே?

சாதாரண ஏசியில் கம்ப்ரசர் ஒரே வேகத்தில்தான் ஓடும். 18 என்று வைத்தாலும் 25 என்று வைத்தாலும் குளிரும் வேகம் ஒன்றுதான், எங்கே நிற்கும் என்பது மட்டும் மாறும். கம்ப்ரசர் வேகத்தைத் தேவைக்கேற்ப மாற்றும் இன்வெர்ட்டர் ஏசி, எண்ணைப் பார்த்துக் கொஞ்சம் முடுக்கும் என்பது உண்மை. ஆனால் அப்புறம் கூட்டுவதற்குப் பெரும்பாலும் யாரும் எழுந்திருப்பதில்லை. போர்வையைத்தான் இழுத்துக்கொள்கிறோம்.

வெளியே 34 டிகிரி, உள்ளே 24 என்றால் வித்தியாசம் 10. உள்ளே 18 ஆக்கினால் 16. சுவர் வழியாக வெப்பம் உள்ளே வருவது இந்த வித்தியாசத்தைப் பொறுத்தது, எனவே ஏசி வெளியேற்ற வேண்டிய வெப்பமும் ஏறுகிறது. ஒரு டிகிரி கூட்டினால் ஏறத்தாழ 6 சதவீதம் மிச்சம் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. 26இல் வைத்துக்கொண்டு ஃபேனையும் மெதுவாக ஓடவிட்டால் உடம்புக்கு 24 போலவே இருக்கும். ஃபில்டரைக் கழுவுங்கள், கதவடி இடைவெளியை அடையுங்கள்.

பிஎல்டிசி ஃபேன் விலை டபுளா இருக்கு. போட்ட காசு திரும்புமா?

எவ்வளவு நேரம் ஓடுகிறது என்பதைப் பொறுத்தது. சாதாரண சீலிங் ஃபேன் முழு வேகத்தில் சுமார் 75 வாட், பிரஷ் இல்லாத டிசி மோட்டாரில் ஓடும் பிஎல்டிசி சுமார் 30. ஒரு நாளைக்கு 15 மணி நேரம் ஓடும் படுக்கையறை ஃபேன் என்றால் வருடத்துக்கு ஏறத்தாழ 245 யூனிட் வித்தியாசம். அதை யூனிட் விலையால் பெருக்கி, கூடுதலாகக் கொடுத்த பணத்தை அந்தத் தொகையால் வகுத்தால் எத்தனை வருடத்தில் திரும்பும் என்று தெரிந்துவிடும். விருந்தாளி அறையில் எப்போதாவது சுற்றும் ஃபேனுக்கு இதே கணக்கைப் போட்டால் சிரிப்புத்தான் வரும்.

எந்த ஃபேனும் அறையைக் குளிர்விப்பதில்லை. உடம்பு மேல் காற்றை ஓட்டி வியர்வையைக் காய வைக்கிறது, அவ்வளவுதான். ஆள் இல்லாத அறையில் ஃபேன் ஓடினால் பயன் பெறுவது யாரும் இல்லை.

கீசரை அணைச்சு அணைச்சுப் போடுறதைவிட எப்பவும் ஆன்லயே வெச்சா கரண்ட் கம்மியாமே?

இல்லை. தொட்டியில் வெந்நீர் இருக்கும் நேரமெல்லாம் வெப்பம் கசிந்துகொண்டே இருக்கும், அதை ஈடுகட்டக் கீசர் விட்டு விட்டு ஓடும். தேவைக்குச் சற்று முன் போட்டு, முடிந்ததும் அணைப்பதில்தான் மிச்சம். ஒரு எச்சரிக்கை: பெரிய தொட்டியில் நாள் கணக்கில் வெதுவெதுப்பாக நிற்கும் நீரில் லெஜியோனெல்லா என்ற கிருமி வளரலாம். அத்தகைய தொட்டிகளை 60 டிகிரியில் வைக்கச் சொல்வது அதனால்தான்.

வீட்டிலேயே அசுரப் பசி தண்ணீர் சூடாக்குவதற்குத்தான், அதனால் இதை விவரமாகப் பார்க்கலாம். ஷவரில் நிமிடத்துக்கு 9 லிட்டர் வருகிறது, பத்து நிமிடம் நிற்கிறீர்கள், நீரை 15 டிகிரி ஏற்ற வேண்டும் என்று வையுங்கள். 90 லிட்டருக்கு ஒன்றரை யூனிட்டுக்குச் சற்று மேல். அந்த மின்சாரத்தில் 9 வாட் எல்இடி பல்பு ஒரு வாரம் முழுக்க, இரவு பகல் அணையாமல் எரியும். ஐந்து நிமிடத்தில் குளித்து முடித்தால் பாதி மிச்சம். நீரைக் குறைத்துவிடும் ஷவர் தலை மாற்றினால் தண்ணீரும் மிச்சம், சூடாக்கும் செலவும் மிச்சம்.

துணி துவைக்கும் மெஷினுக்கும் இதே விதி. வெந்நீர் சுழற்சியில் மின்சாரத்தின் பெரும்பகுதி தண்ணீரைச் சூடாக்கவே போகிறது. எண்ணெய்ப் பிசுக்கோ நோயாளியின் துணியோ இல்லை என்றால் குளிர்நீரே போதும்.

அஞ்சு ஸ்டார் பெரிய ஃபிரிட்ஜ் வாங்கினேன், பழைய மூணு ஸ்டார் சின்னதைவிட பில் கூடுதே. ஏமாத்திட்டாங்களா?

ஏமாற்றவில்லை. நட்சத்திரம் அந்த அளவுள்ள ஃபிரிட்ஜ்களுக்குள் ஒப்பிட்டுத் தரப்படுவது. பெரியவற்றில் சிறந்ததுகூடச் சிறியதில் சுமாரானதைவிட அதிகம் இழுக்கலாம். நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் வருடத்துக்கு இத்தனை யூனிட் என்று அச்சிட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள். பில்லில் வரப்போவது அதுதான்.

பழைய ஃபிரிட்ஜ் இன்னும் ஓடுகிறதா என்பது அடுத்த கேள்வி. புதிதை வாங்கிவிட்டுப் பழையதை 'இருக்கட்டும்' என்று மூலையில் ஓடவிட்டால் மிச்சம் எப்படி வரும்?

அப்போ ஓடுற பழைய கார், பழைய மெஷின் எல்லாத்தையும் தூக்கிட்டுப் புதுசு வாங்கறதுதான் நல்லதா?

பொதுவாக இல்லை. ஒன்றைத் தயாரிக்கவே எரிசக்தியும் உலோகமும் ஆகின்றன. நாள் முழுக்க ஓடும் பொருளைத் திறன் கூடியதாக மாற்றுவதில் அர்த்தம் இருக்கிறது. எப்போதாவது ஓடுவதைப் பழுதாகும் வரை வைத்திருங்கள். ஃபேன் கேள்வியில் போட்ட கணக்கே இதற்கும் பொருந்தும்.

மின்சாரக் காரும் அப்படித்தான். பெட்ரோல் காரில் எரிபொருள் ஆற்றலில் பெரும்பகுதி வெப்பமாகப் போய்விடுகிறது. மின்சாரக் காரில் பெரும்பகுதி சக்கரத்துக்குப் போகிறது, பிரேக் போடும்போதும் கொஞ்சம் பேட்டரிக்குத் திரும்புகிறது. ஆனால் பேட்டரி செய்யும்போது வெளியாகும் கார்பனையும் கொடுத்த கூடுதல் விலையையும் ஓடி ஓடித்தான் அடைக்க வேண்டும். தினமும் நெடுந்தூரம் போகிறவர் சீக்கிரம் அடைத்துவிடுவார், வாரம் ஒருமுறை கடைக்குப் போகிறவருக்கு வெகுகாலம் ஆகும்.

எல்இடி போட்டாச்சு, ஃபேன் மாத்தியாச்சு, ஆனா பில் குறையவே இல்லையே?

முதலில் ஒப்பிடும் மாதத்தைச் சரி பாருங்கள். போன மாதத்தோடு ஒப்பிடாதீர்கள், போன வருடம் இதே மாதத்தோடு ஒப்பிடுங்கள். தொகையை விட்டுவிட்டு யூனிட்டைப் பாருங்கள், விலை ஏறியிருக்கலாம். அதிகம் எரிக்க எரிக்க யூனிட் விலை ஏறும் படிநிலைக் கட்டணம் உங்கள் இடத்தில் இருந்தால் ஒரு நல்ல செய்தியும் உண்டு: நீங்கள் குறைக்கும் யூனிட் மேல்படி யூனிட், அதாவது விலை கூடியது.

இன்னொரு காரணம் நம்மிடமே இருக்கிறது. கரண்ட் அதிகம் இழுக்காத பல்புதானே என்று இரவெல்லாம் எரியவிடுவது, இன்வெர்ட்டர் ஏசிதானே என்று பகலிலும் போடுவது. பிரிட்டன் பொருளாதார அறிஞர் வில்லியம் ஸ்டான்லி ஜெவோன்ஸ் 1865லேயே இதைக் கவனித்தார். நீராவி இன்ஜின்கள் குறைந்த நிலக்கரியில் ஓடத் தொடங்கியதும் மொத்த நிலக்கரிச் செலவு ஏறத்தான் செய்தது.

எங்கயோ கரண்ட்டும் தண்ணியும் வீணாப் போகுதுன்னு சந்தேகம். எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ஃபிரிட்ஜ் உட்பட எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மீட்டரில் சிமிட்டும் சிறு விளக்கைப் பாருங்கள். ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்று மீட்டர் முகப்பிலேயே அச்சிட்டிருக்கும். 3200 என்று இருந்து, 20 நொடிக்கு ஒருமுறை சிமிட்டினால் சுமார் 56 வாட் எங்கோ போகிறது. வருடத்துக்கு 490 யூனிட். ஒவ்வொரு மின்சுற்றாக (சர்க்யூட்) மெயின் பலகையில் அணைத்துப் பார்த்தால் எந்த அறை என்று பிடிபடும். எதுவுமே மாட்டாத சுற்றில் சிமிட்டல் தொடர்ந்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டிய விஷயம், நீங்களே பிரித்துப் பார்க்காதீர்கள்.

தண்ணீருக்கு மீட்டர் இருந்தால், படுக்கும் முன் எண்ணைக் குறித்து, காலையில் யாரும் குழாயைத் திறக்கும் முன் மறுபடி பாருங்கள். நொடிக்கு ஒரு சொட்டு என்றால் நாளைக்கு 20 முதல் 30 லிட்டர். குழாய்ச் சொட்டு கண்ணுக்குத் தெரியும், கழிப்பறைத் தொட்டியின் கசிவு தெரியாது. தொட்டி நீரில் கொஞ்சம் சாயம் கலந்து, தண்ணீர் இழுக்காமல் கால் மணி நேரம் விடுங்கள். கோப்பையில் நிறம் தெரிந்தால் அடியில் இருக்கும் ரப்பர் மூடி தேய்ந்திருக்கிறது. அதை மட்டும் மாற்றினால் போதும், தொட்டியை மாற்ற வேண்டியதில்லை.